அக்காவுக்கு ஒரு மேசை ரம்பம்

ஜனவரி 6

அன்புத் தம்பி சுள்ளானுக்கு,

அக்கா எழுதுவது. இங்கே நானும் உன் அத்தானும் நலம். என் முழங்கால் மட்டும் என் பேச்சைக் கேட்காமல் தனிக்குடித்தனம் நடத்துகிறது, அதை விடு. நீயும் உன் வீட்டுக்காரியும் எப்படி இருக்கிறீர்கள்? அக்டோபரில் வந்த கடிதத்துக்குப் பிறகு உன்னிடமிருந்து ஒரு வரி கிடையாது. போனில் கேட்டால் "நல்லாத்தான் இருக்கேன், அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

உட்கார்ந்துகொண்டு படி. நான் ஒரு படகு செய்யப் போகிறேன்.

சிரித்து முடித்துவிட்டாயா? சரி. நூலகத்தில் ஒரு புத்தகம் கிடைத்தது. மரத்தை ஆறு மில்லிமீட்டர் கனத்தில் நீள நீளமான கீற்றுகளாக அறுக்க வேண்டும். அவற்றை ஒன்றோடொன்று பசை போட்டு ஒட்டிக்கொண்டே போனால் வளைந்து வளைந்து படகாகிவிடும். இரண்டு பேர் உட்காரலாம். ஊருக்கு வெளியே அவ்வளவு பெரிய ஏரி சும்மாதானே கிடக்கிறது?

இருபத்தாறு வருடமாகக் கையுறைத் தொழிற்சாலையில் தோல் வெட்டுகிறேன். உள்ளங்கை, ஐந்து விரல். மறுபடியும் உள்ளங்கை, ஐந்து விரல். ஒரு கை அளவை விடப் பெரிதாக எதையும் நான் வெட்டியதே இல்லை. ஒரு தடவையாவது நானே உள்ளே உட்காரும் அளவுக்கு ஒன்றைச் செய்ய வேண்டும்.

அத்தானிடம் சொன்னேன். பஸ் ஓட்டிவிட்டு வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தவர் ஒரு கை சட்டையிலேயே இருக்க அப்படியே நின்றார்.

"மிதக்குமா?"

"மிதக்கும்."

"நானும் ஏறணுமா?"

"ஏறணும்."

"அப்ப நான் நீச்சல் கத்துக்கறேன். அதுவரைக்கும் நீ மெதுவா செய்."

வண்டி நிறுத்தும் கொட்டகையை எனக்கே கொடுத்துவிட்டார். பத்தடி அகலம், பன்னிரண்டடி நீளம். ஒரு பக்கம் கதவு, நேர் எதிரே ஜன்னல்.

இப்போது நீதான் சொல்ல வேண்டும். கீற்று அறுக்க மேசை ரம்பம் வேண்டும், மேசை நடுவில் வட்டப் பிளேடு சுற்றுமே, அதுதான். நீ பதினெட்டு வருடமாக ஜன்னல் கதவுத் தொழிற்சாலையில் அதே இயந்திரத்தில் நிற்கிறவன். எதை வாங்கட்டும்? வருடக் கடைசியில் கொடுத்த ஊக்கத்தொகை முழுவதையும் எடுத்து வைத்திருக்கிறேன். ரம்பத்துக்கு அதற்கு மேல் ஒரு காசு கிடையாது.

இன்னொன்று. போன குளிருக்கு அனுப்பிய தோல் கையுறை இந்நேரம் தேய்ந்திருக்கும். இரண்டு கையையும் ஒரு காகிதத்தில் வைத்துச் சுற்றிக் கோடு இழுத்து அனுப்பு. உனக்கு வயதாகிறது, கை தடித்திருக்கும்.

உடனே எழுது. உடனே என்றால் உடனே.

அன்புடன்,
அக்கா


ஜனவரி 30

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் இருவரும் நலம். உன் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு. அத்தானைக் கேட்டதாகச் சொல்.

படகு நல்ல யோசனைதான். ஆனால் ரம்பம் வாங்காதே. மர அறுவை மில்லில் கொடுத்தால் கீற்றாக அறுத்துக் கொடுத்துவிடுவார்கள். உனக்கு ஒட்டுகிற வேலை மட்டும்தான் மிச்சம். அதுதானே சுவாரஸ்யமான வேலை?

நான் இப்போது இயந்திரக் கூடத்தில் இல்லை. கிடங்கில் இருக்கிறேன். பிடி, கீல், திருகாணி எல்லாம் எண்ணிக் கொடுக்கும் வேலை. உட்கார்ந்தே பார்க்கலாம், வசதியாக இருக்கிறது.

கையுறை இந்த வருடம் வேண்டாம். பழையதே இருக்கிறது.

இப்படிக்கு,
தம்பி


பிப்ரவரி 8

அன்புத் தம்பிக்கு,

முழங்கால் தேவலை. நீ நலமாக இருப்பாய் என்று நினைத்துக்கொள்கிறேன், ஏனென்றால் உன் கடிதத்திலிருந்து ஒன்றும் தெரியவில்லை. எட்டு வரி! மின்சாரக் கட்டணச் சீட்டில் கூட அதற்கு மேல் விஷயம் இருக்கும்.

என்னடா இது, ரம்பம் வாங்காதே என்கிறாய்? கல்யாணமான புதிதில் உன் வீட்டுக்காரியைப் பற்றி எழுதியதை விட அந்த மேசை ரம்பத்தைப் பற்றி அதிகமாக எழுதினவன் நீதானே? "பிளேடு சுத்தறப்ப ஒரு பாட்டு வரும் அக்கா, மரத்துக்கு மரம் ராகம் மாறும்" என்று சொன்னவன் இப்போது திருகாணி எண்ணுவது வசதி என்கிறாய். எந்தப் புண்ணியவான் உன்னை அங்கே உட்கார வைத்தான்?

சரி, உன் பேச்சைத் தட்டாமல் மில்லுக்குப் போனேன். ஆறு மில்லிமீட்டர் என்றதும் மில்காரர் கையிலிருந்த டேப்பைக் கீழே வைத்துவிட்டார்.

"அம்மா, என் பிளேடே நாலு மில்லிமீட்டர். நீங்க கேக்கறது கீத்து ஆறு. பாதி மரம் தூளாத்தான் போகும். தூளை மூட்டை கட்டித் தரேன், படகு செஞ்சுக்கறீங்களா?"

அவரிடம் முடியாது. சொந்த ரம்பம்தான் வழி.

பிறகு கடைக்குப் போனோம். நான் கேட்ட கேள்விக்கெல்லாம் கடைக்காரர் அத்தானைப் பார்த்தே பதில் சொன்னார். "சாருக்கு வீட்டு வேலைக்கா, தொழிலுக்கா?"

"சார் பஸ் ஓட்டறவர். மெஷின் மேடத்துக்கு. அங்க பாத்துப் பேசுங்க, நான் பை தூக்க வந்தவன்" என்றார் உன் அத்தான். அன்று முழுவதும் அவருக்கு என் கையால் தனி மரியாதை.

கடையில் பார்த்தது சின்ன மெஷின், புதிது. மடக்குக் கால், இருபத்திரண்டு கிலோ. என் ஊக்கத்தொகை அதற்குச் சரியாக இருக்கும். இரண்டாவதாக, எங்கள் தெரு எலக்ட்ரீஷியன் ஒரு வழி சொன்னார். "கைல புடிக்கிற ரம்பத்தைத் தலைகீழா மேசைக்கு அடியில முடுக்கிட்டா அதுவும் மேசை ரம்பம்தானே?" செலவு கால்வாசிதான்.

எது? நீ சொல்லாமல் நான் வாங்கமாட்டேன். நீ சொல்லும்வரை விடவும் மாட்டேன்.

பழைய கையுறை இருக்கிறதாம். நான் வெட்டிய தோல் எனக்குத் தெரியும், தையல் நின்றாலும் அது இரண்டு குளிர் தாங்காது. கையை வரைந்து அனுப்பு.

அக்கா


பிப்ரவரி 27

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நலமறிய ஆவல். முழங்கால் தேறியது பற்றி இரண்டு பேருக்கும் மகிழ்ச்சி. உன் மில்காரரை என் வீட்டுக்காரி நடித்தே காட்டுகிறாள், மூன்று நாளாக வீட்டில் இதே சிரிப்பு.

உன்னிடம் என்றைக்கு நான் ஜெயித்தேன்? கேள்.

முதலில், தலைகீழ் ரம்பத்தை மறந்துவிடு. எலக்ட்ரீஷியன் நல்லவராக இருக்கலாம். ஆனால் கையில் பிடிக்கும் மெஷினைக் கவிழ்த்துவிட்டால் அதன் பாதுகாப்பு எல்லாம் கவிழ்ந்துவிடும். சுவிட்ச் மேசைக்கு அடியில் போய்விடும். அவசரத்தில் தேடவேண்டியிருக்கும். தேடுகிற நேரம் கிடைக்காது.

கடைக்குப் போனால் மோட்டார் சக்தியைக் கேட்காதே, அதை அவர்களே கத்திச் சொல்வார்கள். பக்கத்தடுப்பைப் பார். மரம் சாய்ந்து போகும் நீளமான அந்த அலுமினியச் சட்டம் இருக்கிறதே, அதை நகர்த்திப் பூட்டு. பிளேடின் முன் பல்லுக்கும் அதற்கும் எவ்வளவு இடைவெளி, பின் பல்லுக்கும் அதற்கும் எவ்வளவு என்று அளந்து பார். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். ஐந்து தடவை நகர்த்தி ஐந்து தடவை பூட்டு. ஐந்தாவது தடவையும் ஒன்றாக இருந்தால் அந்த மெஷின் உனக்கு உண்மையாக இருக்கும்.

அடுத்து, பிளேடுக்குப் பின்னால் அதே வளைவில் ஒரு இரும்புத் தகடு நிற்க வேண்டும். பிளேடு ஏறினால் அதுவும் ஏறும், இறங்கினால் இறங்கும். அறுபட்ட மரம் திரும்ப ஒட்டி, பிளேடைக் கவ்விக்கொண்டு உன் மேல் பாய்ந்து வராமல் அதுதான் தடுக்கும். அதற்கு மேலே பிளேடை மூடும் மூடி. இவை இரண்டும் இல்லாத மெஷின், அது தங்கத்தில் செய்திருந்தாலும் வேண்டாம்.

பிளேடு இருபத்துநாலு பல் வாங்கு. நீளவாக்கில் அறுக்கப் பல் குறைவாக இருந்தால்தான் தூள் வெளியேறும். மெஷினோடு வருகிற அறுபது பல் பிளேடில் உன் கீற்று கருகிவிடும். மெல்லிசான பிளேடாகக் கேள். ஒவ்வொரு அறுப்பிலும் ஒன்றரை மில்லிமீட்டர் மிச்சம் என்றால், ஒரு பலகைக்கு இரண்டு கீற்று கூடுதலாகக் கிடைக்கும்!

படகு நீளத்துக்கு நாலு மீட்டர் பலகையாவது வேண்டும், அதை நீ அந்தக் கொட்டகையில் எப்படித் திருப்புவாய் என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். திருப்பவே வேண்டாம். கதவு வழியாக உள்ளே வரட்டும், ஜன்னல் வழியாக வெளியே போகட்டும். ரம்பம் நடுவில். ஜன்னல் கட்டையின் உயரத்தை அளந்து எழுது. இதை எழுதும்போது பகல் சாப்பாட்டு மணி அடித்து முடிந்ததே எனக்குத் தெரியவில்லை.

ஒன்றை மட்டும் மறக்காதே. கையுறை போட்டுக்கொண்டு மேசை ரம்பத்தின் பக்கமே போகாதே. <u>எந்தக் கையுறையும்.</u> எவ்வளவு குளிராக இருந்தாலும்.

வலது கையை வரைந்து அனுப்பியிருக்கிறேன். இரண்டும் ஒரே அளவுதானே.

உன் தம்பி


மார்ச் 7

என் தங்கத் தம்பிக்கு,

நலமா, நலமா, நலமா! நான் நலத்துக்கும் மேலே இருக்கிறேன். ஜன்னல் கட்டை தரையிலிருந்து முப்பத்தேழு அங்குலம். உன் கடிதத்தை ஏழு தடவை படித்தேன். அத்தான் ஒரு தடவை படித்துவிட்டு, "இப்பத்தான்டி உன் தம்பி எழுதின மாதிரி இருக்கு" என்றார்.

ஆனால் கதை மாறிவிட்டது. மேசை நாற்காலி செய்த ஒரு பழைய பட்டறையைக் காலி பண்ணுகிறார்கள். அங்கே ஒரு மெஷின். சின்ன மெஷின் இல்லை, ராட்சசன்! வார்ப்பிரும்பு மேசை. நூற்றெண்பது கிலோ. மேலே காசை நிற்கவைத்துச் சுவிட்ச் போட்டார்கள், காசு விழவே இல்லை. விலை கடையிலிருக்கும் சின்ன மெஷினில் பாதி. நானே பார்த்து, நானே பேரம் பேசி, முன்பணம் கொடுத்துவிட்டேன். ஏப்ரல் 4 சனிக்கிழமை லாரியில் வருகிறது.

நீ கேட்பாய், அதனால் நானே சொல்லிவிடுகிறேன். மூடி இல்லை. பின்னாலிருக்கும் தகடும் இல்லை. எங்கேயோ தொலைந்துவிட்டதாம். பட்டறைக்காரரிடம் கேட்டதற்கு இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். "முப்பது வருஷமா இப்படித்தான்மா ஓட்டறேன். எண்ணிக்குங்க, பத்தும் இருக்கு." எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. நான் கவனமாக இருப்பேன்டா. கத்தியோடு இருபத்தாறு வருடம் குடித்தனம் நடத்தியவள் நான்.

இப்போது என் தொழிலுக்கு வருகிறேன். இரண்டு கையும் ஒரே அளவு என்று யார் சொன்னது? எந்த மனிதனுக்கும் இரண்டு கை ஒன்றாக இருந்ததில்லை. வலது கையை அப்படியே திருப்பிப் போட்டு இடது வெட்டினால் கட்டை விரலில் இடிக்கும். இடது கையை அனுப்பு. அரை நிமிட வேலைக்கு இவ்வளவு பிகு எதற்கு?

ஆனந்தக் கூத்தாடும்,
அக்கா


மார்ச் 23

தம்பிக்கு,

நலமா? பதினாறு நாளாகப் பதில் இல்லை. கொட்டகைத் தரையில் சிமெண்டு பூசியாகிவிட்டது, ராட்சசனின் எடை தாங்க வேண்டுமே. பன்னிரண்டு நாள்தான் இருக்கிறது. உனக்கு மெஷின் பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை என்றாவது எழுது. இடது கையும் வரவில்லை.

அக்கா


மார்ச் 27

அக்கா,

நீ கேட்டது பின்பக்கத்தில் இருக்கிறது.

அந்த மெஷினை வாங்காதே.

தம்பி


ஏப்ரல் 5

தம்பிக்கு,

வெள்ளிக்கிழமை வேலையிலிருந்து வந்தபோது உன் கடிதம் கதவடியில் கிடந்தது. நின்றபடியே பிரித்தேன். பின்பக்கம் திருப்பினேன்.

ஒரு நாளைக்கு நாற்பது கை வரைபடம் பார்க்கிறவள் நான். முதலில் பென்சில் நழுவிவிட்டது என்றுதான் நினைத்தேன். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் நடுக் கணுவோடு நின்றுவிட்டன. அதற்கு மேலே வெறும் காகிதம். கோடு அங்கே நழுவவில்லை. மெதுவாக, ஒழுங்காக, வளைத்து இழுத்திருந்தாய்.

அத்தான் வந்து பார்க்கும்வரை நான் விளக்கு கூடப் போடவில்லை.

மறுநாள் காலை லாரி வந்தது. வாசலிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பிவிட்டேன். பட்டறைக்காரர் இறங்கி வந்து, "என்னம்மா, நல்ல மெஷின்மா" என்று ஆரம்பித்தார். அந்தக் காகிதத்தைக் காட்டினேன். அவர் முன்பணத்தை என் கையில் வைத்துவிட்டு லாரியில் ஏறிக்கொண்டார்.

இரண்டு நாளாக உன் பழைய கடிதங்களை எல்லாம் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். எந்தக் கையுறையும் கூடாது என்று எழுதி அடியில் கோடு போட்டிருக்கிறாய். எவ்வளவு குளிராக இருந்தாலும் என்று எழுதியிருக்கிறாய். பழையதே இருக்கிறது என்று எழுதியிருக்கிறாய்.

அந்த ஜோடியில் ஒன்றுதானே இருக்கிறது?

நான் இரட்டை நூல் போட்டு, மெழுகு தடவித் தைத்தேன். கடைக் கையுறையாக இருந்திருந்தால் பிளேடில் மாட்டியதும் கிழிந்து கையை விட்டிருக்கும். என் தையல் விட்டிருக்காது.

மறைக்காமல் எழுது.

அக்கா


ஏப்ரல் 15

அன்புள்ள அக்காவுக்கு,

நீ சாப்பிடுகிறாயா, தூங்குகிறாயா என்று முதலில் எழுது. அத்தானை உன் பக்கத்திலேயே இருக்கச் சொல்.

ஒன்றுதான் இருக்கிறது. வலது.

நவம்பர் 19, காலை முதல் வேலை. மேசை இரும்பு ஐஸ் மாதிரி இருந்தது. கண்ணாடியைப் பிடிக்கும் மெல்லிய சட்டம் அறுக்க வேண்டும், இருநூறு. மெல்லிய சட்டத்துக்கு மூடி இடிக்கும். நானேதான் கழற்றி வைத்தேன். கையுறையையும் நானேதான் கழற்றாமல் நின்றேன். எனக்கு நேர் எதிரே சுவரில், என் உயரத்தில், "கையுறை அணிந்து இயந்திரத்தைத் தொடாதீர்" என்று சிவப்பில் எழுதிய பலகை. பதினெட்டு வருடமாகத் தினமும் படித்த பலகை. அன்றைக்கும் படித்தேன்.

தையலைப் பற்றி இனி ஒரு வார்த்தை எழுதாதே. அக்கா, குளிருக்குத்தான் நீ அனுப்பினாய். தெருவில் போட்டுக்கொண்டு நடந்த நாளெல்லாம் என் கை சூடாகத்தான் இருந்தது. உனக்கு இந்த நினைப்பு வந்துவிடக் கூடாது என்றுதான் ஐந்து மாதம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். வீட்டுக்காரியையும் மூட வைத்தேன். அவள் தினமும் சண்டை போட்டாள். அவள் சொன்னதுதான் சரி.

காயம் ஆறிவிட்டது. கை பிடிக்கிறது, தூக்குகிறது, சட்டைப் பொத்தான் போடுகிறது. ஆனால் கூடத்துக்குள் என்னால் போக முடியவில்லை. கதவு வரை போவேன். பிளேடு சத்தம் கேட்டதும் உள்ளங்கை வேர்த்துவிடும், திரும்பிவிடுவேன். கிடங்கை நானேதான் கேட்டு வாங்கினேன். எந்தப் புண்ணியவான் என்று கேட்டிருந்தாயே.

இனி ஒரு ரகசியம். உன் பிப்ரவரிக் கடிதம் வந்ததிலிருந்து நான் மெஷின் விலைப்பட்டியல் வாங்கி வைத்துப் படித்துக்கொண்டிருக்கிறேன். சாப்பாட்டு நேரத்தில் உன் கொட்டகையைக் கட்டம் போட்டு வரைகிறேன். ரம்பம் இங்கே, பலகை இங்கே, நீ இங்கே. கிடங்குக்கு வருகிறவர்கள், "என்ன, வீடு கட்டறீங்களா?" என்று கேட்கிறார்கள். "படகு" என்கிறேன்.

நீ கடையில் பார்த்த சின்ன மெஷினையே வாங்கு. விவரம் முழுவதும் படித்துவிட்டேன். பின்தகடு பிளேடோடு ஏறி இறங்குகிறது. பக்கத்தடுப்பு பல்சக்கரத்தில் நகர்கிறது, கோணாது. சுவிட்ச் முழங்காலால் தட்டினாலே நிற்கும். இந்த விலைக்கு இதை விட நல்லது கிடையாது. மரமும் வாங்கி வை.

ஆனால் பிளக்கைச் செருகாதே. ஜூனில் எனக்குப் பதினைந்து நாள் விடுமுறை இருக்கிறது. வருகிறேன்.

உன் தம்பி


மே 3

என் தம்பிக்கு,

சாப்பிடுகிறேன். தூங்குகிறேன். முதல் வாரம் இரண்டும் இல்லை, பொய் சொல்லமாட்டேன். நீ எப்படி? வீட்டுக்காரிக்கு என் நன்றி. சண்டை போட்டதற்கு.

மெஷின் வந்துவிட்டதடா!

கடையிலேயே ஐந்து தடவை நகர்த்தி ஐந்து தடவை பூட்டி அளந்தேன். கடைக்காரர் இந்தத் தடவை அத்தான் பக்கமே திரும்பவில்லை. கடைசியில், "மேடம், நீங்க எந்தக் கம்பெனி?" என்றார். இருபத்துநாலு பல், மெல்லிய பிளேடு, தனியாக வாங்கினேன்.

பெட்டியைப் பிரித்துக் காலை விரித்து நடுக் கொட்டகையில் நிறுத்தியாகிவிட்டது. பிளக்கைச் செருகவில்லை. நான் செருகிவிடுவேனோ என்று அத்தான் கொட்டகைக்கு மின்சாரம் இழுக்கும் ஒயரைச் சுருட்டிப் பீரோவில் பூட்டி, சாவியை பஸ்ஸுக்கு எடுத்துக்கொண்டு போகிறார். சாயங்காலம் இருவரும் நாற்காலி போட்டு அதன் எதிரே உட்கார்ந்து டீ குடிக்கிறோம். புதுக் கன்றுக்குட்டி பார்க்கிற மாதிரி.

ஒரு சிக்கல், அதுவும் தீர்ந்தது. ஜன்னலுக்கு வெளியே பக்கத்து வீட்டுக் கணக்கு டீச்சரின் முற்றம். நாலு மீட்டர் பலகை அவர் துணி உலர்த்தும் கொடிக்கு நடுவில்தான் போய் நிற்கும். பயந்துகொண்டே கேட்டேன். அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, "எத்தனை கீத்து?" என்றார். "எண்பது." "ஒன்னுக்கு ரெண்டு நிமிஷம் வச்சா நூத்தியறுபது நிமிஷம். அன்னிக்கு நான் துணி துவைக்கல" என்றார். ஜன்னல் கம்பியைக் கழற்றக் கூடத் தன் வீட்டு ஸ்பேனரைக் கொடுத்தார்.

இடது கையுறையும் வெட்டி முடித்துவிட்டேன். இரண்டு விரலைக் குட்டையாக வைத்து, நுனியில் மெத்தென்று கம்பளி கொடுத்திருக்கிறேன். உள்பக்கம் "தெருவுக்கு மட்டும்" என்று நூலால் எழுதியிருக்கிறேன்.

மரம் வந்து சாய்ந்து நிற்கிறது. கொட்டகை முழுக்க அதன் வாசனை. சீக்கிரம் வாடா.

அக்கா


ஜூன் 13

என் தம்பி வீட்டுக்காரிக்கு,

அன்பு அண்ணி எழுதுவது. நலமா? லீவு கிடைக்காமல் நீ வர முடியாமல் போனது எங்கள் எல்லோருக்கும் குறைதான். உன் வீட்டுக்காரர் நன்றாகச் சாப்பிடுகிறார், நன்றாகத் தூங்குகிறார். இப்போதும் தூங்கிக்கொண்டுதான் இருக்கிறார், பட்டப்பகலில், தலை முழுக்க மரத்தூளோடு. அவர் எழுந்து எழுதினால் "வேலை நடந்தது" என்று ஒரு வரி எழுதுவார். அதனால் நான் எழுதுகிறேன்.

வந்த முதல் நாள் தம்பி கொட்டகை வாசலில் செருப்பைக் கூடக் கழற்றவில்லை. நிலைப்படியில் நின்றே மெஷினைப் பார்த்தான். "நல்லா இருக்குக்கா." அவ்வளவுதான்.

இரண்டாம் நாள் உள்ளே வந்தான். ஒயர் பீரோவில் இருந்ததால்தான் வந்தான் என்று நினைக்கிறேன். ஜன்னல் கட்டைக்கு மேசை ஓர் அங்குலம் தாழ்வாக இருந்தது. காலுக்குக் கீழே கட்டை வைத்து உயர்த்தினான். பிறகு யோசித்தான். மெல்லிய கீற்றை மூடி போட்டுக்கொண்டே எப்படி அறுப்பது? நாள் முழுக்க அதே நினைப்பு. சோறு போட்டால் தட்டில் விரலால் கோடு போடுகிறான். சாயங்காலம் திடீரென்று கத்தினான், "அக்கா! கீத்து வெளிப்பக்கம் விழணும்!"

அவன் விளக்கியது இதுதான். பிளேடுக்கும் தடுப்புக்கும் நடுவில் மெல்லிய கீற்று வந்தால்தான் மூடி இடிக்கிறது, கையும் நெருங்குகிறது. அகலப் பலகை நடுவில் இருக்கட்டும், கீற்று பிளேடின் மறுபக்கம் விழட்டும். ஒவ்வொரு தடவையும் தடுப்பை அதே அளவு நகர்த்த வேண்டும், அவ்வளவுதான். அதற்கு ஒரு சின்ன அளவுக்கட்டை செய்தான். மூடியைக் கழற்ற வேண்டிய தேவையே இல்லை!

"இதை அன்னிக்கே யோசிச்சிருக்கலாம்" என்றான். பிறகு அளவுக்கட்டையைத் தேய்க்க உட்கார்ந்துவிட்டான்.

நேற்று காலை அத்தான் ஒயரை எடுத்துக் கொடுத்தார். நான் மெஷின் முன் நின்றேன். தம்பி என் நிலையைச் சரி பார்த்தான், தள்ளுகட்டையைக் கையில் கொடுத்தான். பிறகு, "நான் வெளிய நின்னு கீத்தைப் புடிக்கறேன்" என்று டீச்சர் முற்றத்துக்குப் போய்விட்டான். நான் சுவிட்சைப் போட்டேன். என்ன சத்தம்! என் பல்லெல்லாம் அதிர்ந்தது. அத்தான் கதவுப் பக்கம் பலகையைத் தாங்க, நான் தள்ளினேன். மரத்தூள் மஞ்சள் மழையாகக் கொட்டியது. கீற்று ஜன்னல் வழியாகப் போய்க்கொண்டே இருந்தது, போய்க்கொண்டே இருந்தது. வெளியிலிருந்து தம்பி குரல், "தள்ளு, தள்ளு, நிறுத்தாத, அருமை!" டீச்சர் குரல், "ஒன்னு!"

பதினோரு கீற்று. பன்னிரண்டாவதற்கு நான் தடுப்பை நகர்த்திக்கொண்டிருந்தபோது கதவில் நிழல் விழுந்தது. அவன்தான்.

"நகரு அக்கா. நீ போய்ப் புடி."

நான் அவன் முகத்தைப் பார்த்தால் அவன் மனம் மாறிவிடுமோ என்று பயம். அவனைத் தாண்டி ஓடினேன். முழங்காலாவது ஒன்றாவது! டீச்சர் முற்றத்தில், ஜன்னலுக்குக் கீழே, இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நின்றேன். உள்ளே ஒன்றும் தெரியவில்லை, வெளிச்சம் கண்ணைக் கூசியது. மெஷின் சத்தம் எழுந்தது. வெறுமனே சுற்றியது, சுற்றியது, வெகுநேரம் சுற்றியது. டீச்சர் என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

பிறகு சத்தம் மாறியது. மரத்தைத் தொட்ட சத்தம்.

பலகையின் நுனி ஜன்னலுக்கு வெளியே வந்தது. ஆடாமல், தயங்காமல், நிதானமாக ஊர்ந்து வந்து என் உள்ளங்கையில் உட்கார்ந்தது. அறுபட்ட இடம் இளஞ்சூடாக இருந்தது. நான் பின்னாலேயே நடந்தேன், கொடிக் கம்பம் வரை நடந்தேன். முழுக்க வெளியே வந்ததும் டீச்சர் அளவுகோலை எடுத்துக் கீற்றின் கனத்தை மூன்று இடத்தில் அளந்தார். ஆறு, ஆறு, ஆறு. என்னுடையது எதுவும் அப்படி இல்லை என்று அப்போதுதான் சொன்னார்.

மீதியெல்லாம் அவன்தான். மொத்தம் எண்பத்திரண்டு கீற்று.

அன்புடன்,
உன் அண்ணி


ஜூலை 4

அன்புள்ள அக்காவுக்கு,

நலமாக வந்து சேர்ந்தேன். எல்லோருக்கும் என் வணக்கம், டீச்சருக்குத் தனியாக ஒன்று. அத்தான் நீச்சல் வகுப்பில் இப்போது எத்தனாவது படியில் நிற்கிறார்?

திங்கட்கிழமை நேராக மேற்பார்வையாளரிடம் போய்க் கூடத்துக்குத் திரும்புகிறேன் என்றேன். அவர் என் கையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"எந்த மெஷின் வேணும்?"

"என் மெஷின்தான். ஆனா மூடியும் பின்தகடும் இல்லாம ஓட்டமாட்டேன். கூடத்துல இருக்கற மத்த மூணு ரம்பத்துக்கும் போடணும்."

"மெல்லிசு அறுக்கறப்ப இடிக்குமே?"

"இடிக்காது சார். காட்டறேன்."

கிடங்கில் கிடந்த மூடிகளை நானே துடைத்து எண்ணெய் போட்டுக் கொண்டுபோனேன். மாட்டி முடிக்க ஒரு மணி நேரம் ஆனது. உள்ளங்கை வேர்த்தது, உன்னிடம் மறைக்கப் போவதில்லை. கால்சட்டையில் துடைத்துக்கொண்டேன். நான் வந்ததை யாரும் கவனிக்கவில்லை, எல்லோரும் அவரவர் வேலையில் இருந்தார்கள்.

சுவிட்சைப் போட்டேன்.

முதலில் எதிர் மேசைக்காரர் தன் மெஷினை நிறுத்தினார். பிறகு அவர் பக்கத்தில் இருந்தவர். ஒவ்வொன்றாக எல்லா மெஷினும் நின்றது. அவ்வளவு பெரிய கூடத்தில் என்னுடையது ஒன்று மட்டும் பாடிக்கொண்டிருந்தது. எதிர் மேசைக்காரர் தன் அடுக்கிலிருந்து நல்லதாக ஒரு பலகையைத் தேர்ந்தெடுத்து, கொண்டுவந்து என் மேசை மேல் வைத்தார்.

எடுத்தேன், அக்கா.

உன் தம்பி